கண்ணிமை உள்ள மீனும் காலுறை போர்த்திய பெட்டியும்: சுவீடன் தொலைக்காட்சியின் முதல் இருபது ஆண்டுகள்

கேள்வி: 2022 நவம்பர் 6

சுவீடனில் 1956 முதல் 1969 வரை ஒரே ஓர் அலைவரிசைதான் இருந்தது. விளம்பரம் கிடையாது, போட்டிக்கு இன்னொரு நிறுவனமும் கிடையாது. அப்படிப்பட்ட தொலைக்காட்சி நாடகமும் சொற்பொழிவும் காட்டி மக்களைத் திருத்தப் பார்த்திருக்குமே தவிர, சிரிக்க வைத்திருக்காது என்பது என் கருத்து. திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மன் என்ற ஒரு பெயரைக் காட்டித்தான் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்கிறார்கள். அந்த நாட்டில் இருப்பவர்கள் யாராவது மறுக்க முடிந்தால் மறுக்கட்டும்.

குறிப்பு: நவம்பர் 6, இரவு

மறுக்கிறேன். பதினோரு ஆண்டுகளாகச் சுவீடனின் உப்சாலா நகரில் இருக்கிறேன். இந்த நாட்டு மொழியைப் பாதி வகுப்பில் கற்றேன். மீதியைப் பொது ஒளிபரப்பு நிறுவனம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் பழைய கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளிலிருந்து கற்றேன். அந்த நாளைய பேச்சு நிதானமானது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும் என்பதால், வகுப்பு ஆசிரியரைவிட அந்தப் பழைய அறிவிப்பாளர்களுக்கே நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

சிரிப்பு இருந்தது, நிறையவே இருந்தது. ஒரு சான்று மட்டும் இப்போது சொல்கிறேன். 1962 ஏப்ரல் 1 அன்று செல் ஸ்டென்சன் என்ற நகைச்சுவையாளர் திரையில் தோன்றி, பெண்கள் அணியும் நைலான் காலுறையை வெட்டி விரித்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடி மேல் ஒட்டினால், கறுப்பு வெள்ளைப் படம் வண்ணத்தில் தெரியும் என்று அறிவித்தார். நாடெங்கும் மக்கள் அலமாரியைத் திறந்து காலுறை தேடினார்கள்.

நவம்பர் 7

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது, அது சிறிய தவறு அன்று. ஸ்டென்சன் நகைச்சுவையாளர் அல்லர். அவர் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்ப வல்லுநர். ஒலி, ஒளி, கருவிகள் பற்றி மக்களுக்கு உண்மையாகவே விளக்கம் தந்துவந்தவர். அந்தக் குறும்பு பலித்ததற்குக் காரணமே அதுதான். பதிவை நேற்று மறுபடியும் பார்த்தேன். ஒளியலைகள் நுண்ணிய வலைக்கண்களின் வழியாகச் செல்லும்போது வளைந்து நிறம் பிரியும் என்று கல்லூரிப் பாடம் நடத்துவதுபோல் விளக்குகிறார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. தலையை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்த்தால் நிறம் சரியாகப் பொருந்தும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஒரு நாட்டு மக்கள் தங்கள் வரவேற்பறையில் கோழியைப்போல் தலையசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலை அது.

இதில் இன்னொன்றும் உண்டு. சுவீடனில் முறையான வண்ண ஒளிபரப்பு தொடங்கிய நாள் 1970 ஏப்ரல் 1. எட்டு ஆண்டுகள் கழித்து அதே தேதி! இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லாததால் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

நவம்பர் 9

விளம்பரமே இல்லை என்ற உங்கள் கூற்றுக்கு ஒரு சின்னத் திருத்தம். 1954 மே மாதத்தில், முறையான ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்பே, சாண்ட்ரூ என்ற திரைப்பட நிறுவனம் ஸ்டாக்ஹோமில் ஒரு வாரம் சோதனையாகத் தொலைக்காட்சி நடத்தியது. அதில் விளம்பரங்கள் வந்தன. பிறகு அந்த வழி மூடப்பட்டது. 1956 செப்டம்பர் 4 அன்று முறையான ஒளிபரப்பு தொடங்கியபோது, வானொலியைப் போலவே பார்வையாளர் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடத்துவதென்று முடிவாகியிருந்தது. நிறுவனத்தின் பங்குகள் மக்கள் இயக்கங்கள், பத்திரிகைகள், தொழில்துறை ஆகியவற்றின் கையில் இருந்தன. அரசின் அனுமதியோடும் விதிகளோடும் நடந்ததே தவிர, அமைச்சகத்தின் ஓர் அறை என்று அதைச் சொல்ல முடியாது.

நவம்பர் 12

வினாடி வினாவைப் பற்றி எழுதாமல் அந்தக் காலத்தைப் பேச முடியாது. 1957-இல் அமெரிக்க நிகழ்ச்சி ஒன்றின் அமைப்பைத் தழுவி, 'இரட்டிப்பு அல்லது ஒன்றுமில்லை' என்ற பொருள் தரும் பெயரில் ஒரு போட்டி தொடங்கியது. உச்சப் பரிசு 10,000 குரோனர் (சுவீடன் நாணயம்). நடத்துநர் நில்ஸ் எரிக் பேரென்ட்ஸ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வெற்றுப் பரபரப்புக்கு இடம் கொடுக்காத குரல். பணம் ஏற ஏற அந்தக் குரல் மேலும் தாழ்ந்துகொண்டே போகும்.

அதில் வெப்பமண்டல மீன்களைத் தன் துறையாக எடுத்துக்கொண்டு 14 வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். பெயர் உல்ஃப் ஹானெர்ஸ். நாடு அவனைச் செல்லமாகச் 'சுறா' என்று அழைத்தது. கண்ணிமை உள்ள மீன் எது என்ற கேள்வி வந்தது. சேற்றில் தத்தித் திரியும் மீனின் பெயரைச் சொன்னான். நடுவர்கள் தவறு என்றார்கள். சிறுவன் வெளியேறினான்.

நான் சிதம்பரத்துக்காரன். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டோரச் சேற்றில் அந்த மீன் தவளைபோல் தத்திக்கொண்டு, இரண்டு கண்களையும் தலைக்கு மேல் தூக்கி வைத்து முறைப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அது கண்ணை உள்ளே இழுத்து மூடி மறுபடியும் திறக்கும். எங்கள் பக்கத்துப் பையன் எவனைக் கேட்டிருந்தாலும் நடுவர்களுக்கு விடை கிடைத்திருக்கும்.

நவம்பர் 13

மேலே எழுதியதை அப்படியே விட்டால் சிறுவன் தோற்றுவிட்டான் என்ற எண்ணம் ஏற்படும். இல்லை. மீன்களைப் பற்றி அறிந்தவர்கள் அவன் சொன்னதே சரி என்று எடுத்துக்காட்டினார்கள்; நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு அவனைத் திரும்ப அழைத்தது; அவன் 10,000 குரோனரையும் வென்றான். பின்னாளில் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியராகி, அந்தத் துறையில் உலக அளவில் அறியப்பட்டவரும் அதே உல்ஃப் ஹானெர்ஸ்தான். அவரை மேற்கோள் காட்டும் ஆய்வு மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கண்ணிமைச் செய்தி தெரியும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

ஒரு தீர்ப்பு நேரலையில் தவறி, அந்தத் தவறு அப்படியே ஒத்துக்கொள்ளப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, அடுத்த வாரமும் அந்தப் பெட்டியின் முன் உட்கார ஒரு காரணம் கிடைத்தது. பெட்டி விற்பனையை ஏற்றிவிட்டது 1958 ஜூனில் சுவீடனிலேயே நடந்த உலகக்கோப்பைக் கால்பந்துதான் என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, பெட்டி இல்லாத வீட்டுக்காரர்களைப் பக்கத்து வீட்டுக்கு நடக்க வைத்தவன் இந்தப் பையன்.

நவம்பர் 16

எங்கள் குடியிருப்பில் துணி துவைக்கும் அறை எல்லா வீட்டுக்கும் பொது; நேரம் குறித்து வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். நேற்று எனக்கு முந்தைய நேரம் எடுத்திருந்த, எழுபது தாண்டிய ஒரு அம்மையாரிடம் காலுறைச் செய்தியைக் கேட்டேன். அவர் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவருடைய தந்தை கத்தரிக்கோலோடு நின்றாராம். தாய் தன் ஒரே நல்ல சோடியைக் கொடுக்க மறுத்தாராம். கடைசியில் ஓட்டை விழுந்த பழையது ஒன்று கிடைத்ததாம். பச்சை நிறம் தெரிகிறது என்று அவருடைய தம்பி சத்தியம் செய்தானாம். தந்தை கோபப்பட்டாரா என்று கேட்டதற்கு, "ஸ்டென்சன் மேல் யாராவது கோபப்படுவார்களா?" என்றார். உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது.

நவம்பர் 20

லென்னார்ட் ஹீலண்ட் பற்றி எழுதுமாறு கேட்டவருக்கு.

ஹீலண்ட் வானொலியில் விளையாட்டு வருணனையாளராகவும் பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்துநராகவும் பெயர் பெற்றவர். 1962-இல் 'ஹீலண்டின் மூலை' தொலைக்காட்சிக்கு வந்தது. விருந்தினர், பாட்டு, அரட்டை என்ற எளிய அமைப்பு. இடைவெளிகளோடு 1983 வரை ஓடியது. சனிக்கிழமை இரவு என்றால் ஹீலண்ட் என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. என்னைக் கேட்டால் அவர் கேள்விகளில் பாதி சுமாரானவை. ஆனால் விருந்தினர் ஏதாவது எதிர்பாராததைச் செய்யும்போது குறுக்கே புகாமல் விட்டுவிடும் துணிவு அவரிடம் இருந்தது.

1966 டிசம்பரில் நடந்ததுதான் அதற்கு எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு 'பசி' என்ற படத்துக்காக கான் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்ற பெர் ஆஸ்கார்சன் மேடைக்கு வந்து, பழங்கால உடைகளை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே உடலுறவைப் பற்றிப் பாடம் எடுப்பதுபோல் பேசினார். உள்ளாடை வரை போனது. நிறுவனத்தின் தொலைபேசிகள் ஓயவில்லை, பத்திரிகைகள் பல நாள் கொதித்தன. வெளியுலகம் 'தாராள சுவீடன்' என்று கற்பனை செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஊரிலுள்ள வீடுகளில் மக்கள் எதைக் கண்டு முகம் சுளித்தார்கள் என்பதற்கு இந்தப் புகார்களைவிட நல்ல ஆவணம் கிடையாது. அந்தப் பதிவை நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை, அரங்கத்தின் சிரிப்பு நடுவில் ஓர் இடத்தில் தயங்குவதைக் கவனித்தேன்.

நவம்பர் 21

இப்போது எனக்கு ஒரு வடிவம் தென்படுகிறது. கேள்வி கேட்டவர் பொழுதுபோக்கையும் பண்பாட்டையும் இரண்டு அறைகளில் வைத்துப் பேசுகிறார். அந்தப் பெட்டிக்குள் அப்படி இரண்டு அறைகள் இல்லை. இலக்கிய முனைவர் வினாடி வினா நடத்துகிறார். தொழில்நுட்ப வல்லுநர் ஏப்ரல் குறும்பு செய்கிறார். விருது பெற்ற நாடக நடிகர் சனிக்கிழமை அரட்டையில் கால்சட்டையைக் கழற்றுகிறார். அறிவியல் செய்தியாளரான பெங்ட் ஃபெல்ட்ரைக், நோபல் பரிசு பெற்றவர்களை மேசையைச் சுற்றி உட்கார வைத்துக் கேள்வி கேட்டவர். கிறிஸ்துமஸ் முந்தின நாள் மாலை 3 மணிக்கு நாடே பார்க்கும் டொனால்டு வாத்துக் கார்ட்டூனுக்குப் பின்னணிக் குரலும் அவருடையதுதான். பெரியவர்கள் விளையாடுவதைப் பார்க்கும்போது வரும் சிரிப்புக்கு, சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவரைப் பார்க்கும்போது வராத ஒரு சுவை உண்டு.

நவம்பர் 22

நேற்று எழுதியதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 1962-இல் பிரதமர் தாகே எர்லாண்டர் ஹீலண்டின் நிகழ்ச்சிக்கு வந்து, ஒரு பாதிரியாரைப் பற்றிய நாட்டுப்புறக் கதை ஒன்றைத் தன் வட்டார வாடையோடு சொன்னார். அதுவரை விறைப்பான கல்விமானாகத் தெரிந்தவர் ஒரே இரவில் வீட்டுத் தாத்தா ஆகிவிட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர் கட்சி பாதிக்குச் சற்று மேல் வாக்குப் பெற்றது. ஒரு கதையால் தேர்தல் வென்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றிப் பார்க்க இன்னோர் அலைவரிசை இல்லாத நாட்டில், ஆளும் கட்சித் தலைவர் சனிக்கிழமை இரவில் சிரிக்க வைப்பது வெறும் சிரிப்பு மட்டும் அன்று. ஸ்டென்சனை நம்ப வைத்த அதே நம்பிக்கைதான் எர்லாண்டரையும் நம்ப வைத்தது. இந்த இடத்தில் கேள்வி கேட்டவரின் சந்தேகத்துக்கு நான் பாதி இணங்குகிறேன்.

நவம்பர் 29

நாடகங்களைப் பற்றி இதுவரை ஒன்றும் எழுதவில்லை என்ற குற்றச்சாட்டு சரியே.

சுவீடன் எழுத்தாளர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் 'ஹெம்சோ தீவினர்' நாவலை பெங்ட் லாகெர்க்விஸ்ட் 1966-இல் தொடராக எடுத்தார். ஆலன் எட்வால் வேலைக்காரன் கார்ல்சனாக நடித்தார். தீவுக்கு வந்து இறங்கும் அந்த வாய்ச்சவடால்காரனை எட்வால் ஆடும் விதத்தில், இவன் மோசடிக்காரனா, ஏமாளியா என்று கடைசிவரை நம்மால் தீர்மானிக்க முடியாது. பள்ளிப் பாடமாக வெறுத்த நாவலை மக்கள் மீன்பிடி ஊர்ச் சண்டையாக ரசித்துப் பார்த்தார்கள்.

அதற்கு முன், 1964-இல், குழந்தைகளுக்கான கதைகளால் பெயர் பெற்ற ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நேரடியாகத் தொலைக்காட்சிக்கென்றே எழுதிய 'சால்ட்க்ரோகன் தீவில் நாங்கள்' வந்தது. இயக்கம் ஊலே ஹெல்பூம்; ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தின் நோரோராத் தீவில் படமாக்கப்பட்டது. திரைக்கதைதான் முதலில், நாவல் பிறகு. ச்யோர்வென் என்ற பருத்த சிறுமி, மெல்கர் என்ற பெரியவரை ஒவ்வொரு முறையும் 'மெல்கர் மாமா' என்று முழுதாக விளித்து அதட்டும் தொனி எனக்கு மிகவும் பிடித்தது. அவள் பின்னால் எப்போதும் ஒரு பெரிய நாய். கோடை விடுமுறை என்றால் என்ன என்பதற்கு இன்றைக்கும் சுவீடன்காரர்கள் மனத்தில் வைத்திருக்கும் படம், அந்தத் தொடரிலிருந்து எடுத்ததோ என்று தோன்றும் அளவுக்கு அது ஊறிப்போயிருக்கிறது. அப்படிப்பட்ட தீவு ஒன்றில் ஒரு வாரம் வாடகைக்கு இருந்து பார்த்தேன். ஏழு நாளும் மழை. தொடரில் மழை பெய்யும் காட்சிகள் உண்டு என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

1969-இல் வந்த 'பிப்பி நீளக்காலுறை' தொடரும் அதே இருவரின் கூட்டுப் படைப்புதான். முழுக்க முழுக்க உள்ளூர்ச் சரக்கு.

நவம்பர் 30

கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். பிப்பி தொடர் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்து தயாரிக்கப்பட்டது, வண்ணத்தில் படமாக்கப்பட்டது. சுவீடனில் முறையான வண்ண ஒளிபரப்புக்கு இன்னும் ஓராண்டு இருந்ததால், பிப்பியாக நடித்த இங்கர் நில்சனின் அந்தச் செம்பட்டைச் சடைகளை முதல் பார்வையாளர்களில் பெரும்பாலோர் சாம்பல் நிறத்தில்தான் கண்டார்கள். துணி துவைக்கும் அறை அம்மையாரிடம் சொன்னேன். "அதற்கென்ன, சிவப்பு என்று எங்களுக்குத் தெரியுமே" என்றார். காலுறையெல்லாம் தேவைப்படவில்லை.

டிசம்பர் 4

பெர்க்மன். ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன், காரணம், அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் மற்றவர்கள் மறைந்துவிடுவார்கள்.

அவர் தொலைக்காட்சிக்குத் திடீரென்று இறங்கி வந்தவர் அல்லர். 1957-லேயே, முறையான ஒளிபரப்பு தொடங்கிய மறு ஆண்டே, 'திரு. ஸ்லீமன் வருகிறார்' என்ற நாடகத்தை நேரலையாக இயக்கினார். ஆனாலும் அவரை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது 1973 ஏப்ரல், மே மாதங்களில் ஆறு வாரம் ஒளிபரப்பான 'ஒரு திருமணத்தின் காட்சிகள்'. நடித்தவர்கள் லிவ் உல்மன், எர்லாண்ட் யோசெப்சன். பெரும்பாலும் இருவர் மட்டும், ஓர் அறை, நெருக்கமான முகங்கள். 16 மில்லிமீட்டர் படச்சுருளில் ஸ்வென் நிக்விஸ்ட் ஒளிப்பதிவு செய்தார். திரையரங்கின் பிரம்மாண்டத்தில் முகம் மலையாகிவிடும். பெட்டியில் அதே முகம் எதிரே உட்கார்ந்திருப்பவரின் அளவுக்கே இருக்கும். அந்த அளவை அறிந்து எழுதப்பட்ட தொடர் அது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், ஃபோரோத் தீவின் காட்சிகள் ஓட, பணியாற்றியவர்களின் பெயர்களை பெர்க்மன் தன் குரலிலேயே வாசிக்கிறார். இரண்டு பேர் ஒருவரையொருவர் கிழித்துப் போட்டதைப் பார்த்து முடித்த கையோடு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து வானிலை சொல்வதுபோல் அந்தக் குரல் வருகிறது.

என் மனைவியும் நானும் இரண்டாம் பகுதியோடு நிறுத்திவிட்டோம். படம் பிடிக்காமல் அல்ல. பாத்திரம் கழுவுவது யார் முறை என்ற பேச்சு எங்கள் வீட்டில் அந்த வாரம் வழக்கத்தைவிட நீண்டது. மீதியைத் தனித்தனியாகப் பார்த்தோம்.

1975 புத்தாண்டு நாளில் அவருடைய 'மாயக்குழல்' ஒளிபரப்பானது. மோட்சார்ட்டின் இசைநாடகம், சுவீடன் மொழியில். ட்ரொட்னிங்ஹோம் அரண்மனை நாடக அரங்கின் மேடையை அப்படியே படப்பிடிப்புத் தளத்தில் எழுப்பினார்கள். தொடக்க இசை முழுவதும் மேடை காட்டப்படவே இல்லை. பெரும்பாலும் கேட்பவர்களின் முகங்களே. விடுமுறை நாளில் ஒரு நாட்டின் வரவேற்பறைகளுக்கு இசைநாடகத்தை அனுப்பிவிட்டு, முதலில் பார்வையாளரையே காட்டும் எண்ணம் யாருக்கு வரும்!

டிசம்பர் 11

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, 1969-க்குப் பிறகு இரண்டாம் அலைவரிசை வந்ததும் எல்லாம் மாறியிருக்குமே என்கிறார். 1969 டிசம்பர் 5 அன்று இரண்டாம் அலைவரிசை வந்தது உண்மை. ஆனால் அதுவும் அதே நிறுவனத்தின் கைதான். இரு கைகளும் ஒன்றோடொன்று போட்டியிடும் என்பது ஏற்பாடு. அந்தப் போட்டியைவிட எழுபதுகளின் அரசியல் காற்றுதான் நிகழ்ச்சிகளை அதிகம் மாற்றியது என்பது என் எண்ணம்.

1974 ஏப்ரல் 6 அன்று பிரைட்டனில் சுவீடன் பாட்டுக் குழுவான ஆபா, ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனை வென்றது. அதனால் 1975 போட்டியை ஸ்டாக்ஹோமில் நடத்தும் பொறுப்பு சுவீடனுக்கு வந்தது. வணிக இசைக்கு உரிமப் பணம் செலவாவதா என்று எதிர்ப்பாளர்கள் அதே நகரில் மாற்று இசைவிழா நடத்தினார்கள். 1976-இல் சுவீடன் போட்டிக்கே போகவில்லை. வென்ற நாடு வெற்றியைக் கண்டு வெட்கப்பட்ட கதை இது. இரு தரப்பிலும் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் கேட்டுக்கொண்டே துணி மடிப்பதற்கு ஆபாதான் தோது.

2023 ஜனவரி 14, சிதம்பரம்

விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்றுக் காலை பிச்சாவரத்தில் படகு எடுத்தோம். நீர் வற்றிய ஓரத்தில் படகை நிறுத்தச் சொல்லி அந்த மீனுக்காகக் காத்திருந்தேன். துடுப்பு போடுபவருக்கு 1957-இன் வழக்கை விளக்கினேன். பத்தாயிரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்துக் குரோனர் என்றதும் மறுபடி சாய்ந்துகொண்டார்.

மீன் வந்தது. கண்ணை உள்ளே இழுத்தது, கீழிருந்து ஒரு தோல் மடிப்பு அதை மூடியது, மறுபடியும் வெளியே விட்டது. அதை இமை என்பதா, குழியில் உள்ள மடிப்பு என்பதா என்று நடுவர்கள் குழம்பியிருக்கலாம் என்று இப்போது முதன்முறையாகத் தோன்றியது. துடுப்பு போடுபவரிடம் கேட்டேன். "மூடுதுல்ல சார், அப்ப இமைதான்" என்றார்.

கைப்பேசியில் எடுத்த படத்தைத் துணி துவைக்கும் அறை அம்மையாருக்கு அனுப்பியிருக்கிறேன். கறுப்பு வெள்ளையாக மாற்றித்தான் அனுப்பினேன்.